உப்பைத் தவறாகக் கண்டறிந்தால் செய்முறைத் தேர்வே போய்விடுமா?

ஐதராபாத்: லோத்குண்டா உள்ளிட்ட பகுதிகளில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் பயிலும் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வில் தன்னம்பிக்கையைச் சோதிப்பது, பெயர் அறியாத அந்த ஒரு சிட்டிகை உப்பு. விடை தவறினால் அனைத்தும் கைநழுவும் என்ற அச்சமே சோதனைக் குழாயைப் பிடிக்கும் கையை நடுங்கச் செய்கிறது.

மதிப்பெண் பங்கீடோ வேறு கணக்கைக் காட்டுகிறது. மொத்தமுள்ள 30-இல் உப்புப் பகுப்பாய்வுக்கு 8 மட்டுமே. பருமனறி பகுப்பாய்வுக்கு 8, பாடம் சார்ந்த சோதனைக்கு 6, செயல்திட்டத்துக்கு 4, பதிவேட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் சேர்த்து 4. செயல்திட்டமும் பதிவேடும் தேர்வு நாளுக்கு முன்பே முடிக்கப்படுபவை; அச்சத்தில் இவை மறந்துவிடுகின்றன.

எனினும், எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 33 சதவீதம் பெறுவது கட்டாயம்.

பதற்றம் மிகும்போது மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.