ஒரு பூஜ்யமும் சில வெற்று வரிகளும்

ஒரு சீசன் முழுக்கத் தோல்வியே காணாத அணி என்று கார்னெல் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணிக்குப் பெயர். ஆனால் அதன் நூற்றாண்டுக் கணக்கேட்டில் ஆட்டமே நடக்காத ஆண்டுகளும் உண்டு. அணியின் கதையைப் புரிந்துகொள்ள அவற்றையும் படிக்க வேண்டியிருக்கிறது.

29-0-0. இருபத்தொன்பது வெற்றிகள், தோல்வி இல்லை, சமன் இல்லை. 1969-70 சீசனில் கார்னெல் பல்கலைக்கழக ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி எழுதிய கணக்கு இது. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் முதல் பிரிவில் ஒரு தோல்வியும் ஒரு சமனும் இல்லாமல் தேசியப் பட்டம் வென்ற அணி அதற்கு முன்பும் இல்லை. அரை நூற்றாண்டு கடந்த பின்பும் இல்லை.

நமக்கு ஹாக்கி என்றால் மைதானம், தயான் சந்த், ஒலிம்பிக் தங்கம். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஹாக்கி என்றாலே அது பனிக்கட்டியின் மேல் ஆடுவதுதான். பக்கத்துக்கு ஆறு பேர். பந்துக்குப் பதில் 'பக்' என்ற கெட்டி ரப்பர் வில்லை. இருபது இருபது நிமிடங்களாக மூன்று கட்டங்கள். அக்டோபரில் அல்லது நவம்பரில் தொடங்கும் கல்லூரி சீசன் மார்ச்சில் நாக்-அவுட் ஆட்டங்களுக்கு வந்து சேரும். அதன்பின் கோப்பை வெல்பவர்களைத் தவிர மற்ற அனைவருக்கும் கடைசி ஆட்டம் தோல்விதான்.

தொழில்முறை அணிகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனை கல்லூரி அணிக்கு உண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். 1960களில் அதுகூட இல்லை. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்று விதி இருந்ததால், கிடைத்தது மூன்றே ஆண்டுகள். வகுப்பறை பெஞ்சு போலத்தான். பெஞ்சு அப்படியே இருக்கும், உட்காருபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அப்படியானால் கணக்கேட்டின் ஒவ்வொரு வரியிலும் 'கார்னெல்' என்று எழுதப்படும் அந்த அணி எது?

ஏரி உறைந்தால்தான் ஆட்டம்

கார்னெல் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா என்ற சிறு நகரில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஹாக்கி ஆரம்பமானது. 1910-11 அணி ஆடிய பத்து ஆட்டங்களிலும் வென்று கல்லூரிகளுக்கு இடையிலான பட்டத்தைப் பெற்றது. பலருக்கு நினைவில்லாத முதல் பூஜ்யம் அதுதான்.

ஆனால் அணியின் மைதானம் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள பீபி ஏரி. ஏரி உறைந்தால் ஆட்டம், உருகினால் ரத்து. இத்தாகாவின் குளிர்காலம் நம்பத் தகுந்ததல்ல. நிக் பால்ஃப் என்ற கனடாக்காரர் 1920 முதல் 1947 வரை பயிற்சியாளராக இருந்தார். அவருடைய காலத்துச் சில சீசன்களில் நடந்தது விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே. மற்ற கல்லூரிகள் செயற்கைப் பனிக்கட்டி உள்ள மூடிய அரங்குகளுக்குப் போய்விட்ட நிலையில், கார்னெல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மானாவாரி விவசாயி மழைக்குக் காத்திருப்பது போல இவர்கள் உறைபனிக்குக் காத்திருந்தார்கள்.

1948ல் பல்கலைக்கழகம் ஹாக்கியைக் கைவிட்டது. அடுத்து ஏறத்தாழ பத்தாண்டு காலம் கணக்கேட்டில் ஒன்றும் இல்லை. ஆட விரும்பிய மாணவர்கள் இல்லாமல் போனார்கள் என்பதல்ல காரணம். ஆடுவதற்குத் தரை இல்லை.

1957ல் லைனா அரங்கம் திறக்கப்பட்டது. அதற்கு வழி செய்தது டூ பாண்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த முன்னாள் மாணவர் வால்ட்டர் கார்ப்பென்டரின் நன்கொடை. அரங்கத்துக்குச் சூட்டப்பட்டதோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் விளையாட்டுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் லைனாவின் பெயர். இன்றும் நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். அமெரிக்க அளவில் அது சின்னக் கொட்டகை. ஆனால் குளிரூட்டும் குழாய்கள் உள்ள கொட்டகை.

ஹார்க்னெஸ் வந்தார்

1963ல் பயிற்சியாளராக வந்தவர் நெட் ஹார்க்னெஸ். கனடாவின் ஒட்டாவாவில் பிறந்தவர். 1954ல் ஆர்.பி.ஐ. என்ற சிறிய தொழில்நுட்பக் கல்லூரிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்து வியப்பூட்டியவர். கார்னெலில் அவருடைய ஏழு சீசன்களையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு படிக்கட்டு தெரிகிறது. முதல் ஆண்டில் 12 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமன். அடுத்து 19-7, பின் 22-5. நான்காம் ஆண்டு 27-1-1, கூடவே தேசியப் பட்டம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் 27-2. ஏழாம் ஆண்டில் பூஜ்யம். மொத்தம் 163 வெற்றி, 27 தோல்வி, 2 சமன்.

கார்னெல் சேர்ந்திருக்கும் ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது. எனவே படிப்பிலும் தேறக்கூடிய ஆட்டக்காரர்களைத் தேடி ஹார்க்னெஸ் எல்லை தாண்டி கனடாவுக்குப் போனார். இது போட்டிக் கல்லூரிகளை எரிச்சலூட்டியது. அமெரிக்கக் கல்லூரியின் பெயரில் கனடா அணி ஆடுகிறது என்று முணுமுணுத்தார்கள். வென்றுகொண்டிருந்தவருக்கு அது காதில் விழவில்லை.

அவர் கண்டெடுத்தவர்களில் பெரியவர் கென் டிரைடன். ஆறடி நான்கு அங்குல கோல்கீப்பர். தொழில்முறை அணியின் தேர்வுப் பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தும் படிக்க வேண்டும் என்று கார்னெலுக்கு வந்தவர். அவர் ஆடிய மூன்று சீசன்களில் அவருடைய கணக்கு 76 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமன். 1967 தேசிய அரையிறுதியில் வடக்கு டகோட்டாவை 1-0 என்றும், இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்றும் கார்னெல் வென்றது. 1968ல் அதே வடக்கு டகோட்டா அரையிறுதியில் பழி தீர்த்தது. 1969 இறுதியாட்டத்தில் டென்வர் 4-3 என்று வென்றது. டிரைடன் வரலாற்றுப் பட்டத்துடன் வெளியேறினார்.

பிற்பாடு அவர் மாண்ட்ரியால் கனடியன்ஸ் அணிக்காக எட்டு சீசன்களில் ஆறு ஸ்டான்லி கோப்பைகளை வென்றார். வழக்கறிஞரானார், எழுத்தாளரானார், கனடாவின் மத்திய அமைச்சராகவும் இருந்தார். 2025 செப்டம்பரில் காலமானார். கார்னெலின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வரும் முகம் அவருடையதே.

அந்த 29-0-0 அணியில் அவர் இல்லை.

இல்லாதவர்களின் வெற்றி

டிரைடன் போன மறு சீசனில் கோலுக்கு முன் நின்றவர் பிரையன் கிராப்பர். உருவத்தில் மிகச் சிறியவர். தற்காப்பில் இருந்த டான் லோட்போவா முன்னணி வரிசையிலிருந்து ஹார்க்னெஸ் பின்னுக்கு மாற்றியவர். பெரிய நட்சத்திரம் போனதும் அணி சரியும் என்று எதிர்பார்ப்பதுதான் இயல்பு. அதுவோ தோற்க மறுத்தது.

பூஜ்யம் அப்படியொன்றும் சுலபமாக வரவில்லை. கிழக்கு மண்டல இறுதியாட்டத்தில் கிளார்க்சன் கல்லூரியை 3-2 என்று வென்றது ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் விழுந்த கோலால். தேசிய அரையிறுதியில் விஸ்கான்சினை 2-1 என்று தாண்டியது. லேக் பிளாசிட் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் எதிரே மறுபடி கிளார்க்சன். கடைசிக் கட்டத்தில் லோட்போவா தனியொருவராக மூன்று கோல் போட்டார். 6-4.

இதில் ஒரு விநோதம் உண்டு. கிளார்க்சனுக்கும் ஒரு பூஜ்யம் இருந்தது. 1955-56ல் அது 23 ஆட்டங்களில் 23 வெற்றி பெற்றது. தகுதி விதி குறுக்கிட்டது. நான்காம் ஆண்டாக ஆடும் இறுதியாண்டு மாணவர்களைத் தேசியப் போட்டியில் இறக்க முடியாது. அவர்கள் இல்லாமல் போவதைவிடப் போகாமலே இருப்பது மேல் என்று அந்த அணி அழைப்பை மறுத்துவிட்டது. கோப்பை இல்லாததால் அந்தச் சீசனைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

1970ல் ஹார்க்னெஸ் தொழில்முறை அணியான டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்குப் போனார். அங்கே அவருக்கு அவப்பெயரே மிஞ்சியது. கார்னெலில் அவர் விட்டுச் சென்ற வேகம் சில ஆண்டுகள் நீடித்தது. 1967 முதல் 1972 வரை சொந்த அரங்கில் தொடர்ந்து 63 வெற்றிகள். 1972 தேசிய இறுதியாட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 4-0 தோல்வி. 1973 அரையிறுதியில் விஸ்கான்சினுக்கு எதிராக 4-0 என்று முன்னணியில் இருந்துவிட்டு, கூடுதல் நேரத்தில் 6-5 என்று தோல்வி. அதன்பின் தேசியப் பட்டம் வரவே இல்லை.

வந்தது ஒரு சடங்கு. 1973ல் ஹார்வர்ட் ரசிகர் ஒருவர் கார்னெல் கோல்கீப்பரை நோக்கி ஒரு கோழியை எறிந்தார். கார்னெலில் விவசாயக் கல்லூரி இருக்கிறதாம், அதைக் கிண்டல் செய்ய. கடலோர பாஸ்டனை அடுத்திருக்கும் ஹார்வர்டுக்கு இத்தாகா ரசிகர்கள் மீனால் பதில் சொன்னார்கள். அன்றிலிருந்து ஹார்வர்ட் அணி லைனாவில் கால் வைக்கும்போதெல்லாம் பனிக்கட்டியில் மீன் விழுவது வழக்கமாகிவிட்டது.

நடக்காத ஆட்டம்

1986ல் கார்னெலுக்குக் கிழக்கு மண்டலப் பட்டம் வென்ற அணியின் கேப்டன்களில் ஒருவர் மைக் ஷேஃபர். மாணவராக இருந்தபோது ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் மட்டையைத் தன் தலையிலேயே அடித்து உடைத்தவர். 1990களின் முற்பகுதியில் அணி சரிந்து கிடந்தது. 1995ல் அவர் பயிற்சியாளராக வந்தார். முதல் இரண்டு சீசன்களிலும் மண்டலப் பட்டம் கிடைத்தது. 2002-03ல் 30 வெற்றி, 5 தோல்வி, ஒரு சமன். எண்ணிக்கையில் 1970ஐயும் மிஞ்சிய வெற்றிகள். ஆனால் தேசிய அரையிறுதியில் நியூ ஹாம்ப்ஷயரிடம் 3-2 என்று தோற்றது. 2006ல் விஸ்கான்சினுடன் மூன்றாவது கூடுதல் நேரம் வரை கோலே விழாமல் ஆடி 1-0 என்று தோற்றது.

பிறகு 2019-20. பூஜ்யம் கண்ட சீசனுக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 23-2-4 என்ற கணக்குடன் கார்னெல் நாட்டின் முதலிடத்தில் இருந்தது. மண்டலக் காலிறுதிக்கு பிரின்ஸ்டன் அணி லைனாவுக்கு வரவேண்டியிருந்தது. மார்ச் 12 அன்று கோவிட் காரணமாகப் போட்டிகள் ரத்தாயின. தேசியப் போட்டியும் ரத்து. தோல்வியோடும் அல்ல, கோப்பையோடும் அல்ல, பாதியில் நின்றுபோன சீசன் அது.

அத்தோடு முடியவில்லை. அந்த நவம்பரில் ஐவி லீக் தன் குளிர்கால விளையாட்டுகள் அனைத்தையும் ரத்து செய்தது. மற்ற பல கல்லூரிகள் ஆடின. 2021 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் தேசியப் பட்டமும் வென்றது. கார்னெலின் 2020-21 வரி காலியாக இருக்கிறது. இம்முறை அரங்கம் இருந்தது, பனிக்கட்டியை உறைய வைக்கும் இயந்திரம் இருந்தது, ஆட்டக்காரர்களும் இருந்தார்கள்.

நான்கே ஆண்டுகள் உள்ள ஒருவனுக்கு அந்த வெற்று வரி வாழ்க்கையின் விளையாட்டுப் பங்கில் கால் பாகம். தொழில்முறை வீரன் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பான். 2020ல் இறுதியாண்டில் இருந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு என்பதே கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் ஹாக்கியை வைத்துப் பிழைக்கப் போவதில்லை. பொறியியலுக்கோ வணிகத்துக்கோ போய்விடுவார்கள். தங்களால் பட்டம் வென்றிருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர்களுக்குப் பதில் கிடைக்கவே போவதில்லை.

அணி மீண்டும் வந்தது, 1957ல் வந்தது போலவே. 2024ல் மண்டலப் பட்டம். 2025ல் மறுபடி மண்டலப் பட்டம், அதுவும் 1970 இறுதியாட்டம் நடந்த அதே லேக் பிளாசிட்டில், அதே கிளார்க்சனை 3-1 என்று வென்று. தேசியப் போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டை 4-3 என்று வீழ்த்திவிட்டு, பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. அது ஷேஃபரின் கடைசி ஆட்டம். பொறுப்பை ஏற்ற கேஸி ஜோன்ஸும் கார்னெலில் ஆடியவர்தான். அதற்கு முன் பயிற்சியாளராக இருந்தது கிளார்க்சனில்.

1970 அணி ஒருமுறைகூடத் தோற்கவில்லை. அதைவிடச் சாதாரணமான ஓர் அதிர்ஷ்டமும் அதற்கு இருந்தது. மார்ச் மாதம் வந்தபோது, ஆட வேண்டிய எல்லா ஆட்டங்களையும் ஆடி முடிக்க அதை விட்டார்கள்.