உங்களுக்குத் தெரியுமா? மரவள்ளிக் கூழிலும் ஸ்கேன் எடுக்கலாம்!

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும்முன் வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவுவது எதற்கு? தோலுக்கும் கருவிக்கும் இடையே துளி காற்று இருந்தாலும் ஒலி அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஜெல் தீர்ந்தால் எந்திரம் சும்மா கிடக்க வேண்டியதுதான். காங்கோவில் மரவள்ளி மாவை உப்புத் தண்ணீரில் காய்ச்சித் தடவிப் பார்த்தார்கள். படம் கடை ஜெல்லுக்குச் சளைக்கவில்லை!

சிடி ஸ்கேன் இல்லாத கிராம மருத்துவமனைக்கு விபத்தில் அடிபட்டவர் வந்தால், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று காட்டுவது இந்த அல்ட்ராசவுண்ட் கருவிதான். முதலில் பார்ப்பது, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு. மல்லாந்து படுத்திருப்பவரின் ரத்தம் பெரும்பாலும் அங்கே தேங்கும். திரையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். அடுத்து மண்ணீரல், இதயத்தைச் சுற்றிய உறை, அடிவயிறு. பழகிய கைக்குச் சில நிமிட வேலை. கசிவு கொஞ்சமாக இருந்தால் மட்டும் கண்ணில் படாது. அதனால் சந்தேகம் இருந்தால் சற்றுநேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள்.

ருவாண்டாவின் இரண்டு கிராம மருத்துவமனைகளில் உள்ளூர் மருத்துவர்களுக்கே அல்ட்ராசவுண்ட் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் எடுத்த 345 ஸ்கேன்களை அலசிய ஆய்வு 2009-இல் வெளியானது. 43 சதவீதம் பேருக்குச் சிகிச்சைத் திட்டமே மாறியிருந்தது! அதிகம் எடுக்கப்பட்டவை, நாம் நினைப்பதுபோல் விபத்துக்காக அல்ல, கர்ப்பிணிகளுக்காக.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் கருவியைப் பயன்படுத்த முடியாது. கையடக்கக் கருவிக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு.