லெப்பை கேட்ட கேள்வி

சென்ற மாதம் கொழும்பு வீதியிலுள்ள எமது கடைக்கு ஒரு வாலிபர் வந்தார். பிள்ளைகள் படிப்பதற்கான கணினித் திட்டமொன்றை விற்க வந்திருந்தார். "ஹாஜியார், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடம் இதில் இல்லை. உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் தொடங்கும். ஒன்று சரிவந்தால்தான் அடுத்தது திறக்கும்" என்றார். உலகத்துக்கே புதிய முறை என்றும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் புதிய முறையில் நான் ஐந்து வயதிலேயே படித்தவன்.

அக்காலத்தில் காலையில் ஓதப் போவோம். முப்பது பிள்ளைகள் பாயில் இருப்போம். ஒருவன் அலிஃப், பே படிப்பான். பக்கத்திலிருப்பவன் ஜுஸ்உ முடித்திருப்பான். ஒவ்வொருவராக லெப்பையின் முன்னால் போய் ஓதிக்காட்ட வேண்டும். "நேற்று எங்கே விட்டாய்?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. பிழையில்லாமல் ஓதினால் புதுப் பாடம். தடுக்கினால் மறுநாளும் அதே பாடம். வயது கூடிவிட்டது என்பதற்காக யாரையும் மேலே தள்ளிவிட மாட்டார்.

லெப்பையிடம் குறையில்லை என்று சொல்லவில்லை. கையில் பிரம்பு இருந்தது. ஓதியதற்குக் கருத்துச் சொல்லித்தரவில்லை. ஓதல் மட்டும் போதாது என்று கண்டுதான் எமது கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை 19ஆம் நூற்றாண்டிலேயே பாடசாலைகள் அமைக்கப் பாடுபட்டார். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாற்பது பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற வகுப்பறை இல்லாவிட்டால் என் போன்ற சில்லறைக் கடைக்காரன் மகனுக்கு எழுத்தறிவே கிடைத்திராது. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் வகுப்பறையில் ஒரு குறை உண்டு. அங்கே பாடம் தவணையைப் பார்த்து நகர்கிறது. பிள்ளைக்கு விளங்கினாலும் விளங்காவிட்டாலும் அடுத்த பாடம் வந்துவிடும்.

இந்தக் குறைக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். என் இரண்டாவது மகன் சாதாரண தரத்தில் கணக்கில் தவறினான். நான் டியூஷனுக்கு அனுப்பினேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள், முன்னால் ஒலிவாங்கியோடு ஆசிரியர். மீண்டும் தவறினான். இன்னொரு வகுப்பையும் சேர்த்தேன். மூன்றாம் முறையும் தவறியபோது கோபத்தில் ஏசிவிட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான்: "வாப்பா, எனக்கு ஏழாம் வகுப்பிலயே பின்னம் விளங்கல்ல. அதுக்குப் பிறகு ஒண்டுமே விளங்கல்ல. ஒருத்தரும் கேக்கல்லயே."

ஆணி எத்தனை கிலோ இருப்பில் இருக்கிறது என்று மாதாமாதம் கணக்கெடுப்பவன் நான். மகனிடம் என்ன இருக்கிறது, எது இல்லை என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பின்னர் அறிந்தேன். தனியாக ஓர் ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவன், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரை முந்தினான். பிந்திய ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படும் செய்தி அதே ஆய்வில் இன்னொன்று உண்டு. வகுப்பில் முப்பது பேர் இருந்தும், அடிக்கடி சோதித்து, பிழையைத் திருத்தி, அதன் பிறகே அடுத்த பாடத்துக்குப் போன வகுப்பின் சராசரி மாணவன் 84 சதவீதத்தினரை முந்தினான். அதாவது லெப்பையின் முறையில் பாதியை வகுப்பறையிலேயே செய்யலாம்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே, டெப் வாங்குவதற்கு முன்னும் டியூஷனுக்குக் காசு கட்டுவதற்கு முன்னும் ஓர் இரவு கடையை நேரத்தோடு பூட்டுங்கள். பிள்ளையின் பழைய கொப்பிகளை எடுத்து, எந்த வகுப்பில் விடுபட்டது என்று பொறுமையாகக் கேளுங்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஓர் ஆசிரியரை வைத்து அந்த இடத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பின்னத்திலிருந்து தொடங்கினார். நான்காம் முறை சித்தியடைந்தான். அல்ஹம்துலில்லாஹ். போன மூன்று வருடங்கள்தான் திரும்பி வராது.