பழைய பிம்பமும் பெரிய திரையும்

சென்னை வடபழனியில் உருவாகி, 1957-ஆம் வருஷத்தில் முதலில் தெலுங்கிலும் சில வாரங்கள் கழித்துத் தமிழிலும் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்தில், கடோத்கஜனாகிய எஸ். வி. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகவே தாவிப் புகும் விந்தையைப் பார்த்துச் சிரிக்காதவர் அக்காலத்தில் அபூர்வம். கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படத்தின் தெலுங்கு வடிவத்துக்கு, ஹைதராபாத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டோன் நிறுவனம் வண்ணம் ஏற்றி, சினிமாஸ்கோப் அகலத்துக்கு மாற்றி, ஒலியையும் பல திசைகளிலிருந்து வரும்படி அமைத்து, 2010 ஜனவரியில் மீண்டும் கொட்டகைகளுக்கு அனுப்பியது. ஐம்பத்துமூன்று வயதான பிம்பத்தைப் பெரிய திரையில் நிறுத்துவதற்கு என்னென்ன செய்யவேண்டியிருக்கிறது என்பது, படத்தின் மாயங்களுக்குச் சற்றும் குறையாத சுவாரஸ்யமுள்ள விஷயம்.

பெரிய திரை என்பது இரக்கமற்ற பூதக்கண்ணாடி. அதே ஹைதராபாத்தில், ஹுஸேன் சாகர் ஏரிக்கு அருகே 2003-இல் திறக்கப்பட்ட பிரசாத்ஸ் ஐமாக்ஸ் அரங்கின் திரை சுமார் 95 அடி அகலம் கொண்டதாயிருந்தது. சுமார் 22 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் பிரேமை அவ்வளவு தூரம் விரித்தால் அது ஆயிரத்து முந்நூறு மடங்கு பெரிதாகும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத 0.05 மில்லிமீட்டர் கீறல் ஒன்று, கதாநாயகியின் கன்னத்தில் மூன்று விரல் அகலத் தழும்பாகத் தோன்றும்.

ஆகையால் முதல் வேலை, மூல நெகட்டிவைத் தேடுவது. நெகட்டிவிலிருந்து பிரிண்டு, அந்தப் பிரிண்டிலிருந்து இன்னொரு பிரதி என்று இறங்க இறங்க, ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியதைப் பார்த்து எழுதியவனின் ஏட்டைப் போல, நுட்பங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகும். கிடைத்த நெகட்டிவும் பல சமயங்களில் சுருங்கி, பல்துளைகள் கிழிந்து, காடி நெடியோடுதான் வரும். அதைக் கழுவித் தைத்து ஸ்கேனரில் ஏற்றும்போது, பிலிமைப் போலவே ஒளியை வளைக்கும் ஒரு திரவத்தில் நனைத்து ஓடவிடும் முறை ஒன்று உண்டு. சொரசொரப்பான கண்ணாடியில் தண்ணீரைத் தடவினால் அது தெளிந்து தெரிகிறதல்லவா, அதைப்போலத் திரவம் கீறல்களை நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் நேரே செல்கிறது.

பிறகு வருவது தூசு. வினாடிக்கு 24 பிரேம் வீதம் மூன்று மணி நேரப் படத்துக்கு 2,59,200 பிரேம்கள். தூசு பெரும்பாலும் ஒரே பிரேமில் மட்டும் இருக்கும் என்பதால், முன்னும் பின்னும் உள்ள பிரேம்களோடு ஒப்பிட்டு, அவற்றிலிருந்தே எடுத்த துண்டால் கணிப்பொறி அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. ஆனால் தூசு எது, பொருள் எது என்ற விவேகம் அதற்குக் கிடையாது; மேற்பார்வைக்கு ஆள் இல்லாவிட்டால், அபிமன்யு எய்யும் அம்பையே அழுக்கென்று கருதித் துடைத்தெறியவும் அது தயங்காது.

பிலிமின் சங்கடங்கள் இவ்வளவு என்றால், வீடியோ நாடாவின் சங்கடம் வேறு ஜாதி. நம் நாட்டு வீடியோவில் ஒரு பிம்பத்துக்கு 576 வரிகளே உண்டு. அவையும் ஒரேயடியாக அல்லாமல், ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும், வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள் மறுமுறையுமாகப் பதிவாகின்றன. அந்த இடைவெளியில் நாட்டியக்காரியின் கை நகர்ந்துவிடுவதால், இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கினால் கையின் ஓரம் சீப்புப் பற்களைப் போலத் தெரிகிறது. அதைச் சரிசெய்தாலும், 4 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளைக் கொண்டு 88 லட்சம் புள்ளிகள் உள்ள 4கே திரையை நிரப்பவேண்டும். அதாவது ஒரு புள்ளி உண்மை, இருபது புள்ளி ஊகம். இக்காலச் செயற்கை நுண்ணறிவு அந்த ஊகத்தை வெகு சாமர்த்தியமாகச் செய்கிறது. சாமர்த்தியம் எல்லை மீறும்போது, பாட்டியின் முகச் சுருக்கங்கள் மறைந்து மெழுகுப் பொம்மை ஒன்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. கலியாணக் கேசட்டை அறுபதாம் கலியாண மண்டபத்தில் காட்ட விரும்புவோர், திரை முழுவதையும் நிரப்பும் ஆசையை விட்டு, நடுவில் சிறிதாகக் காட்டுவதே விவேகம்.

வண்ணமேற்றுவதைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் பிம்பத்தில் ஒளியின் அளவு இருக்கிறதே தவிர நிறம் இல்லை. நிறத்தைச் சேர்ப்பவர் தம் ரசனையைச் சேர்க்கிறார். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி ‘மாயா பஜார்’ படத்தில் உண்டாக்கிய நிலவொளி, வெள்ளிக்கும் கருமைக்கும் இடையிலுள்ள சாயைகளையே நம்பிப் பிறந்தது. அதற்கு நீலம் பூசுவது வீணைக்கு உடுப்புத் தைப்பது போல. அகலத்திலும் ஒரு நஷ்டம் உண்டு. 1.37-க்கு 1 என்ற பழைய சட்டத்தை 2.35-க்கு 1 ஆக வெட்டினால், உயரத்தில் நூற்றுக்கு 58 பங்குதான் மிஞ்சும். கிரீடம் போகலாமா, பாதம் போகலாமா என்று ஷாட்டுக்கு ஷாட் தீர்மானிக்கவேண்டும். ஆயினும், பெயரை மட்டும் கேட்டிருந்த இளைஞர்களையும் அந்த வண்ணம்தான் கொட்டகைக்கு அழைத்து வந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

அந்த ‘மாயா பஜார்’ படத்தின் தெலுங்கு வடிவத்தில் அபிமன்யுவாக நடித்தவரும், பின்னாளில் ஹைதராபாத்தில் அன்னபூர்ணா ஸ்டூடியோவை அமைத்தவருமான அக்கினேனி நாகேஸ்வர ராவின் நூற்றாண்டு 2024-இல் வந்தது. அவ்வாண்டு கோவா சர்வதேசத் திரைப்பட விழாவுக்காகத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அவருடைய 1953-ஆம் வருஷத்து ‘தேவதாசு’வை 4கே அளவில் புதுப்பித்தது. அதில் தேவதாசு கறுப்பு வெள்ளையிலேயே குடித்து, கறுப்பு வெள்ளையிலேயே இருமினான்.