பிளாஷை அணைத்துவிட்டு ஏறுங்கள்

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தான். இரவு எட்டு மணிக்குச் சம்பானில் ஏறினோம். துடுப்புச் சத்தம் மட்டும்தான். கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி, ஒன்றாக அணைந்தன. அப்போது ஒருவர் கைப்பேசியில் பிளாஷ் அடித்தார். படகுக்காரர் உடனே தடுத்தார்.

காரணம் இருக்கிறது. அந்த மினுக்கல் இணையைத் தேடும் அழைப்பு. நம் வெளிச்சம் அதைக் குலைக்கும்.

இன்னொன்று, மின்மினிப் புழுக்கள் மரத்தில் வளர்வதில்லை. கரைக்குப் பின்னால் ஈர மண்ணில் நத்தை தின்று வளர்கின்றன. அந்த நிலத்தைச் செம்பனைக்காக அழித்தால், மரம் நின்றாலும் விளக்கு எரியாது.

செம்பனை நம் தோட்டக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட பயிர்தான். ஆற்றோரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போய்வாருங்கள். படம் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே மனதில் நிற்கும்.