முதுகலை இறையியற் கல்வியும் சிற்றூர்ச் சபையும்

இறையியற் கல்லூரியின் இறுதியாண்டில் பயிலும் மாணவர் பலர், அடுத்து எம்.டிஎச். படிப்பதா, சபைப் பணிக்குச் செல்வதா என்னும் கேள்வியை நம்மிடம் கொண்டு வருவதுண்டு. சபையில் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த இளம் ஆயர்களும் இதையே வேறு வடிவில் கேட்கின்றனர்: "மேற்படிப்புக்கு விடுப்புக் கிடைக்குமா?" இவ்விரு கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணம் மறைந்துள்ளது. படிப்பு ஒருபுறம், சபை மறுபுறம் என்பதே அது. இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? முதுகலைப் படிப்பு சபைக்கு உண்மையாகவே பயன்பட வேண்டுமாயின் அது எங்குத் தொடங்க வேண்டும்? இவற்றை, புதுச்சேரி மாநிலத்தின் ஏம்பலம் பகுதியில் நாம் பணியாற்றியபோது எழுந்த ஒரு கேள்வியைக் கொண்டு ஆராய்வோம்.

1. ஒரு தாயின் கேள்வி

ஏம்பலம், புதுச்சேரி நகருக்குத் தென்மேற்கே, நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர். நெல்லும் கரும்பும் விளையும் மண். இப்பகுதியில் புதுச்சேரியின் எல்லையும் தமிழ்நாட்டின் எல்லையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெண் எடுத்த ஊர் ஓர் ஆட்சியிலும் பெண் கொடுத்த ஊர் மற்றோர் ஆட்சியிலும் இருப்பது இங்கு இயல்பு. பிரெஞ்சு ஆட்சி 1954ஆம் ஆண்டுவரை நீடித்த இந்நிலப்பகுதியில் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலமாக வேரூன்றியது. நம் சபைகளோ இங்குச் சிறியவை. அறுவடைக் காலத்தில் மாலை ஆராதனை, மக்கள் வயலிலிருந்து திரும்பி வந்த பின்னரே தொடங்கும்.

அத்தகைய ஓர் ஆராதனைக்குப் பின், ஆதிதிராவிடர் குடும்பத்தைச் சேர்ந்த தாய் ஒருவர், பள்ளியிறுதி வகுப்பில் படித்த தம் மகனோடு நம்மிடம் வந்தார். பல ஆண்டுகளாகத் தவறாமல் ஆராதனைக்கு வருபவர் அவர். "ஐயா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தா அவன் சர்ட்டிபிகேட் என்ன ஆகும்?" என்று கேட்டார். நாம் சற்றும் எண்ணிப் பாராமல், "அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார், விசுவாசத்தோடு வாருங்கள்" என்று விடையளித்தோம். அவர் தலையசைத்துச் சென்றார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். ஆனால் அக்கேள்வியை மீண்டும் கேட்கவில்லை.

நம் விடை பக்தியாகத் தோன்றினும் அது விடையன்று. கேள்வியைக் கேட்க மறுத்ததேயாகும். அதை நாம் உணர்வதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

2. படிக்கட்டு உருவான வரலாறு

தமிழகத்தில் திருப்பணிப் பயிற்சி சபையோடு சேர்ந்தே பிறந்தது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, 1716இல் உள்நாட்டுப் பணியாளரைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடம் ஒன்றை அங்குத் தொடங்கினார். ஏம்பலம் பகுதிக்கு அண்மையிலுள்ள கடலூரைச் சேர்ந்த ஆரோன் 1718இல் திருமுழுக்குப் பெற்று, உபதேசியாராகப் பல ஆண்டுகள் சிற்றூர்களில் உழைத்து, 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு மரபில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவருக்குப் படிப்பும் பணியும் வெவ்வேறாக இருக்கவில்லை. பணியினூடே கற்றார், கற்றதைப் பணியில் சோதித்தார்.

பட்டப்படிப்பின் வரலாறு வேறு. கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818இல் நிறுவிய செராம்பூர்க் கல்லூரிக்கு, பட்டமளிக்கும் உரிமையை டென்மார்க் மன்னர் 1827இல் வழங்கினார். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அவ்வுரிமை உறுதிபெற்று, பிற சபைகளின் கல்லூரிகளும் செராம்பூர்ப் பேரவையோடு இணைந்து பட்டப்படிப்பு நடத்த வழி பிறந்தது. 1910இல் பெங்களூரில் ஐக்கிய இறையியற் கல்லூரி தோன்றியது. 1938இல் தாம்பரத்தில் கூடிய பன்னாட்டு மிஷனெரி மாநாடு, ஆசிய, ஆப்பிரிக்க சபைகளில் இறையியற் கல்வி நலிந்து கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. 1958இல் அமைந்த இறையியற் கல்வி நிதி, கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் ஆசிரியர்களின் மேற்படிப்புக்கும் துணைநின்றது. 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரி உருவாகி, தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் ஒரே கூரையின்கீழ்த் தமிழில் பட்டப்படிப்புப் பயிலும் நிலை ஏற்பட்டது.

இவையெல்லாம் நன்மைகளே. ஆயினும் பி.டி., அதன்மேல் எம்.டிஎச்., அதன்மேல் டி.டிஎச். எனப் படிகள் அமைந்தபோது, மேலே ஏறுவது என்பது சிற்றூரிலிருந்து நகருக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், சபையிலிருந்து வகுப்பறைக்கும் செல்வது என்றாயிற்று. படிக்கட்டில் ஏறியவர் இறங்கி வருவதைப் பாடத்திட்டம் எதுவும் கட்டாயமாக்கவில்லை. படிப்பையும் சபையையும் இருபுறமாக வைத்து எண்ணும் வழக்கம் இவ்வாறே நம்முள் புகுந்தது.

3. முதுகலைப் படிப்பு தருவது யாது?

பி.டி. படிப்பு அகலமானது. திருமறையின் இரு ஏற்பாடுகள், கோட்பாடு, சபை வரலாறு, சமயங்கள், அறவியல், அருளுரை, ஆயர் பணி ஆகிய அனைத்தையும் அது தொட்டுச் செல்கிறது. பொதுவான திருப்பணிக்கு மாணவரை ஆயத்தப்படுத்துகிறது. எம்.டிஎச். படிப்போ ஆழமானது. ஒரு துறையைத் தெரிந்துகொண்டு, இரண்டாண்டுகள் அதிலேயே மூழ்கி, ஓர் ஆய்வேடு எழுதுவது அதன் இலக்கு.

ஆய்வேடு எழுதுவதன் பயன் ஏடு அன்று. எழுதுபவர் பெறும் பழக்கமே. கேள்வியைத் தெளிவாக வரையறுத்தல், செவிவழிச் செய்தியை விட்டு மூல ஆவணத்தை நாடுதல், தம் கருத்துக்கு மாறானவரை முதலில் முழுமையாகக் கேட்டல், தவறு சுட்டப்படும்போது திருத்திக்கொள்ளுதல் ஆகியவை அப்பழக்கத்தின் கூறுகள். இவை நல்ல ஆய்வாளருக்கு மட்டுமன்றி நல்ல ஆயருக்கும் இன்றியமையாதவை அல்லவா?

பட்டம் தலைமைத்துவத்தின் அளவுகோல் அன்று என்பதையும் மறத்தலாகாது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பி.ஏ. பட்டம் பெறாமலே 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் மரபில் முதல் இந்தியப் பேராயர் அவர். சிற்றூர் ஆசிரியர்களையும் அவர்தம் மனைவியரையும் சேர்த்தே பயிற்றுவித்து ஒரு பெரும் சபையைக் கட்டினார். மறுபுறம், பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி ஆக்ஸ்போர்டு வரை சென்று, பக்தி இலக்கியத்தையும் யோவான் நற்செய்தியையும் ஒப்பிட்டு ஆய்ந்தார். 1950இல் கோயம்புத்தூர்ப் பேராயரானார். ஆய்வு நிகழ்ந்த இடம் அயல்நாடு. ஆனால் கேள்வி, சைவக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்த தந்தையின் இல்லத்தில் அவர் கண்டு வளர்ந்த வாழ்விலிருந்து பிறந்தது. இவ்விருவரையும் ஒருங்கே நோக்கின், எவ்வளவு படித்தோம் என்பதைவிட யாருடைய கேள்வியைச் சுமந்து படித்தோம் என்பதே முதன்மையானது எனப் புலனாகும்.

4. கேள்வி யாருடையது?

முதுகலைப் படிப்புக்கு நாம் சென்றபோது, ஜெர்மானிய இறையியலார் ஒருவரின் திருமுழுக்குக் கோட்பாட்டை ஆய்வுப் பொருளாக முன்வைத்தோம். வழிகாட்டியாக அமைந்த ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "நல்ல பொருள்தான், ஆனால் இக்கேள்வி யாருடையது?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு ஏம்பலத்துத் தாயின் கேள்வி நம் நினைவுக்கு வந்தது. திருமுழுக்கைக் குறித்து நம்மிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தது. நாம்தான் அதை எடுத்துச் செல்லாமல் விட்டுவந்தோம்.

அக்கேள்வியைத் திறந்து பார்த்தபோது, அதனுள் இறையியலின் துறைகள் பலவும் அடங்கியிருந்தன. முதலாவது, சட்டம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. புதுச்சேரிக்கென 1964இல் தனி ஆணை பிறந்தது. அதிலும் இவ்வரம்பே உண்டு. ஏம்பலம் சட்டமன்றத் தொகுதியே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. அங்குத் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரென வெளிப்படுபவர், சேரி வாழ்வின் இழிவை இழப்பதில்லை. அதற்கென அமைந்த பாதுகாப்பை மட்டும் இழக்கிறார். 2022இல் ஒன்றிய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இது குறித்து ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்த சட்டம் கிறிஸ்தவரை ஏன் சேர்க்கவில்லை என்பது, இன்றும் நம் மக்கள் நம்மிடம் கேட்கும் வினா.

இரண்டாவது, சபை வரலாறு. கல்கத்தாப் பேராயர் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென ஆணையிட்டபோது தமிழ்ச் சபைகளில் எழுந்த எதிர்ப்பு யாவரும் அறிந்ததே. சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனோடு உடன்பட மறுத்து வெளியேறிய கார்ல் ஓக்ஸ், 1861இல் தென்பெண்ணைக்கு அப்பால் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியாவை நிறுவினார். பின்னர் டேனிஷ் மிஷன் அவரோடு இணைந்தது. ஆற்காடு லுத்தரன் சபையின் தொடக்கம் அதுவே. அத்தாய் எழுப்பிய கேள்விக்கு நூறாண்டுக்கு முன்னரே அண்டை ஊரில் ஒரு மிஷனெரி விலை கொடுத்திருக்கிறார் என்பதை, அங்கே ஆயராயிருந்த நாம் அறியாதிருந்தோம்!

மூன்றாவது, கோட்பாடு. திருமுழுக்கு ஓர் அரசுப் பதிவேட்டின் மாற்றமா, கிறிஸ்துவின் மரணத்திலும் உயிர்ப்பிலும் பங்கேற்பதா? கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் கூறும் ஒருமை, சபையின் பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் காணப்படாதபோது, திருமுழுக்குப் பெறத் தயங்குபவரை நாம் எவ்வாறு குறைகூற இயலும்?

இத்தகைய கேள்விகளுக்கு வகுப்பறைகள் முற்றிலும் செவிகொடாதிருந்தன என்று கூறுவது நேர்மையாகாது. 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையோடு தலித் இறையியல் எனும் புதிய நெறி தொடங்கிற்று. 1987இல் சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியற் கல்லூரியில் அதற்கெனத் தனித் துறை அவர் தலைமையில் அமைந்தது. அரசரடியில் தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றி, ஒரே உலையில் பொங்கி அனைவரும் உண்பதை இறையாட்சியின் அடையாளமாகக் கற்பித்தார். சிற்றூரின் குரல் பாடத்திட்டத்துக்குள் நுழைய முடியும் என்பதற்கு இவை சான்று.

5. கற்றது திரும்பிச் செல்லுதல்

படிப்பு முடிந்தபின் நாம் மீண்டும் ஏம்பலம் சென்று அத்தாயைக் கண்டோம். மகன் வேலைக்குச் சென்று விட்டிருந்தான். சட்டம் இன்னதென்று மறைக்காமல் கூறினோம். சபைக்குள் நாம் சாதியைச் சுமந்து வந்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டோம். திருமுழுக்கு அளிக்க நாம் நெருக்கமாட்டோம், தயங்குவோரைத் தள்ளவும் மாட்டோம், அவர்களோடு காத்திருப்போம் என்றோம். அவர் கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். அவ்வளவே. நம் ஆய்வேட்டை மதிப்பிட்ட தேர்வாளர் எவரும் அத்துணைச் சரியான குறிப்பை எழுதவில்லை.

அத்தாயின் இக்கட்டை நம் படிப்பு நீக்கவில்லை. சட்டம் அப்படியே உள்ளது. ஆயினும் பொய்யான ஆறுதலைக் கூறும் நிலையிலிருந்து அது நம்மை விடுவித்தது. ஓர் ஆயருக்கு அது சிறிய பேறன்று.

6. சில கடமைகள்

மேற்படிப்பை நாடும் மாணவர், விண்ணப்பிக்கும் முன் ஓரிரு ஆண்டுகளேனும் சிற்றூர்ச் சபையில் பணியாற்றி, தம்மால் விடையளிக்க இயலாமற்போன கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் நன்று. ஆய்வுப் பொருள் அக்குறிப்பேட்டிலிருந்து வரட்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் அமையினும், அதன் சாரத்தைச் சபையார் படித்து மறுத்துப் பேசத்தக்க தமிழில், இருபது பக்கங்களில் எழுதித் தருவதை ஒரு கடனாகக் கொள்ளட்டும்.

சபைத் தலைவர்கள், மேற்படிப்பு விடுப்பைச் சலுகையாகவோ பதவிக்கு ஏணியாகவோ வழங்குதல் தகாது. யாரை அனுப்புகிறோம், எக்கேள்வியோடு அனுப்புகிறோம், திரும்பி வருபவரை எங்கு அமர்த்துவோம் என்பதை முன்னரே அவரோடும் அவருடைய சபையாரோடும் கலந்து முடிவு செய்ய வேண்டும். படித்துத் திரும்பியவரை அலுவலக நாற்காலியில் அமர்த்திவிட்டு, படித்தவர் சிற்றூருக்கு வருவதில்லை எனக் குறைகூறுவது முறையன்று.

கல்லூரிகள், ஆய்வேட்டின் இறுதி உரையாடலை நூலக மண்டபத்தில் நடத்துவதோடு, ஆய்வு எழுந்த சபையிலும் ஒருமுறை நடத்தலாம். தேர்வாளருக்கு விடையளிப்பதைவிட, வயலிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் மக்களுக்கு விடையளிப்பது கடினம் என்பதை மாணவர் அன்று உணர்வர்.

நெகேமியா 8ஆம் அதிகாரத்தை இங்கு நினைவுகூர்வோம். எஸ்றா வேதத்தில் தேறின அறிஞர். ஆனால் அவர் தாமாக நூலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் வாசலுக்கு முன்னுள்ள வீதியில் கூடிய மக்களே அந்நூலைக் கொண்டுவரும்படி அவரிடம் கேட்டனர். வாசிக்கப்பட்டதை மக்கள் விளங்கிக்கொள்ளுமாறு லேவியர் அவர்களிடையே பொருள் விளக்கினர். அறிவு, மக்கள் கேட்டதனால் வீதிக்கு வந்தது. வீதியில் நின்று விளக்கப்பட்டது. நம் மக்கள் இன்றும் கேட்கின்றனர். அவர்கள் ஒருமுறை கேட்டு, நம் விடையைக் கண்டு மௌனமாகிவிடும் முன்னரே அதைச் செவிமடுத்து, அதைச் சுமந்துகொண்டு நூலகத்துக்குச் செல்வோமாக. சென்றவர் அவ்விடையோடு அதே வாசலுக்குத் திரும்பி வருவோமாக.