வயிற்றுவலி எல்லாம் கேஸ்டிரிக் ஆகிவிடுமா?



கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்கு வயிறு வலித்தால் பதில் தயாராக இருக்கும். "கேஸ்டிரிக்தான், நேரத்துக்குச் சாப்பிடு" என்பார்கள். குடிக்கிற ஆளாக இருந்தால், "சம்சு போட்டா வலிக்காம என்ன செய்யும்?" என்பார்கள். இந்த இரண்டு பேச்சும் ஆளை டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கின்றன.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு உண்டு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரையும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் அதுதான் சுரக்கிறது. அதில் நாட்பட்ட அழற்சி வந்தால் தழும்பு விழுந்து சுருங்கும். சிலருக்கு உள்ளே கல்லும் சேரும். மேல்வயிற்றில் பிடிக்கும் வலி முதுகுக்கு ஓடும், சாப்பிட்டால் கூடும். உடம்பு இளைக்கும், மலம் எண்ணெய்ப் பசையோடு போகும். நாளடைவில் நீரிழிவும் வரலாம்.

மதுவும் சிகரெட்டும் இதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் குடிக்காதவர்களுக்கும் இது வருகிறது. கேரளாவில் டாக்டர் கீவர்கீஸ் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1968-இல் ஒரு நூலே எழுதினார். அவரிடம் வந்தவர்களில் பலர் மதுவைத் தொடாத ஏழை இளைஞர்கள். மரவள்ளிக்கிழங்கின் மேல் அப்போது சந்தேகம் விழுந்தது. ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டன் பாட்டியின் உயிரைக் காத்த அதே கிழங்குதான்! பிந்திய ஆராய்ச்சிகளில் அந்தப் பழி நிலைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு, 'ஸ்பிங்க் 1' என்ற மரபணுவில் ஒரு மாறுதல் இந்திய நோயாளிகள் பலரிடம் தெரியவந்தது. அது பிறவியிலேயே வருவது. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

இந்த நோயில் சாதாரண இரத்தச் சோதனை சரியாகவே இருக்கலாம். அதனால்தான் ஸ்கேன் தேவைப்படுகிறது. செரிமானத்துக்குச் சாப்பாட்டோடு எடுக்கும் நொதி மாத்திரை, நீரிழிவுக்கு இன்சுலின், கல்லை உடைத்தெடுத்தல், அறுவைச் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் கடுமையான வலியுள்ள 88 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020-இல் வெளிவந்தது. மருந்து, குழாய்ச் சிகிச்சை என்று படிப்படியாகப் போனவர்களைவிட, சீக்கிரமே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. எல்லாருக்கும் கத்தி வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. நாள் கடத்தினால் நட்டம் நமக்குத்தான் என்பது பொருள்.

ஆகவே, இப்படிப்பட்ட வலி அடிக்கடி வந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். "வலி முதுகுக்குப் போகுது, உடம்பு இளைக்குது, ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று வாய்திறந்து கேளுங்கள். குடிக்கிற பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; மதுவையும் சிகரெட்டையும் விட்டால் சிகிச்சைக்கு உதவும். சம்பளம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. எம்.சி. கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வலியில் சுருண்டு கிடந்தால், "குடிகாரன்" என்று ஒதுங்காதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.